கொரகொரப்பு நின்ற வாரம்

நாலாவது லைனில் முதலில் மஞ்சளானது ஆட்டோக்காரன் தசரதனின் கண். அவனாக அதைக் கவனிக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் சவாரி ஏறிய ஒருவர், முன்னால் இருந்த கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு மார்க்கெட் வருமுன்பே இறங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படுத்தவன் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. பேட்டையில் தின்ற பானிபூரி என்றான் அவன். தின்றது இல்லை, குடித்தது என்றாள் அவன் பெண்டாட்டி. பானிபூரியும் தொடாத, குடியும் அறியாத அதே லைன் சங்கமித்ராவுக்கு அடுத்து வந்ததும் இரண்டு பேர் வாயும் மூடிக்கொண்டன. டிசம்பர் முதல் வாரம் முடிவதற்குள் அந்த ஒரே லைனில் பதினொரு பேர் படுத்துவிட்டார்கள்.

கோலார் தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸில் லைன் என்றால் சுரங்க ஆட்களுக்குக் கம்பெனி கட்டிப்போட்ட வீட்டு வரிசை. ஒரு சுவருக்கு இரண்டு குடித்தனம். முன்னால் திறந்த சாக்கடை, அதன் மேல் வாசலுக்கு ஒரு கல். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, கல் மட்டும் அசையவில்லை. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பதினாலு வீட்டிலும் களி இறங்கும். நோயும் அங்கே தனியாகப் படுக்காது.

லைன் ஆட்கள் யார் சொல்லவும் காத்திருக்காமல் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அன்று போட்ட பிரியாணிதான் காரணம் என்று பேச்சு. கறி நாறியது என்று இப்போது சொன்னவர்கள் அன்று இரண்டாம் முறை தட்டு நீட்டியவர்கள். இன்னொரு பக்கம், ஆந்திர எல்லையில் ஒருவர் பச்சிலை கொடுக்கிறார், மூன்று நாளில் மஞ்சள் இறங்கிவிடும் என்று பஸ் ஏறிப் போய் வந்தார்கள். நோய் அதன் போக்கில் இறங்கியது. பெயர் பச்சிலைக்குப் போனது.

பியாட்ரிஸ் அந்த லைனின் ஆஷா, வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாள். பன்னிரண்டு வருஷமாக ரோஸ் புடவையைக் கட்டிக்கொண்டு, தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பதும், கர்ப்பிணிகளை ஸ்கேனுக்கு இழுத்துப் போவதும் அவள் வேலை. குரல் பெரியது. அவள் மூன்றாவது லைனில் நின்று பேசினால் ஐந்தாவது லைனில் மாத்திரை போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு கேலி உண்டு. பதினொரு பேர் பெயரையும் வயதையும் காய்ச்சல் கண்ட தேதியையும் அவள்தான் எழுதினாள், அவள்தான் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க அனுப்பினாள்.

அவள் வீடு லைனின் முதல் வீடு. புருஷன் ஏனோக் சுரங்கத்தில் பதிமூன்று வருஷம் பம்ப் ஆள். அறுபதாவது லெவலில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளுவது வேலை. பம்ப் நின்றால் கீழே ஷிப்டில் இருப்பவன் முழங்காலளவு தண்ணீரில் நிற்பான். அதனால் பம்ப் ஆளைச் சுரங்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாஸ்டர்தான். சுரங்கம் போன பிறகும் அந்த மாஸ்டர் போகவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை காலையில் வருகிற குழாய்த் தண்ணீர், நூல் மாதிரி ஒழுகும். குடத்தை வைத்துவிட்டுச் சமைத்து, சாப்பிட்டு, வந்து எடுக்கலாம். ஏனோக் ஒரு பழைய மோட்டாரைச் சரிசெய்து தன் வீட்டுக் குழாயோடு நேராக மாட்டினார். மேடை கட்டிப் பெரிய கறுப்பு டேங்க் ஏற்றினார். அதிலிருந்து ஹோஸ் போட்டுப் பதினாலு வீட்டு ட்ரம்முக்கும் தண்ணீர் விட்டார். குழாயில் மோட்டார் மாட்டக் கூடாது என்பது சட்டம். தண்ணீர் வேண்டும் என்பது தாகம். லைன் எதன் பக்கம் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. தெரு மூலையில் இருந்த குடிநீர் மெஷின் கெட்டு இரண்டு மாதம் ஆகியும் யாரும் கூச்சல் போடாததற்கு ஏனோக் டேங்க்தான் காரணம்.

அந்த வீட்டில்தான் அவர்கள் மகள் லவினா தலைப்பிரசவத்துக்கு வந்து இருந்தாள். ஏழு மாதம் முடிந்திருந்தது. அவள் புருஷன் ஷெர்வின் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி டாக்டர் ரூபேஷ் பியாட்ரிஸைக் கூப்பிட்டனுப்பினார். கோலார் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

“நோடி, பாருங்க பியாட்ரிஸ் அவ்ரே, இது தண்ணீல வர்ற காமாலை. மலம் கலந்த தண்ணீ. மத்தவங்களுக்கு மூணு வாரம் படுக்கை, அப்புறம் எழுந்துடுவாங்க. ஆனா ஏழு மாசம், எட்டு மாசம் கர்ப்பமா இருக்கறவங்களுக்கு வந்தா லிவர் திடீர்னு கைவிட்டுடும். நாலு பேர்ல ஒருத்தர் போயிடலாம். உங்க லைன்ல அப்படி யார் இருக்காங்க?”

“ஒருத்திதான் சார். எம் பொண்ணு.”

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நாளைக்கே அவளுடைய ரத்தமும் எடுங்கள் என்றார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். இந்தக் கிருமி உள்ளே போனதும் உடனே காட்டாது. நாலு, ஐந்து வாரம், சில பேருக்கு எட்டு வாரம்கூட ஒளிந்திருக்கும். ஆகவே இன்று எதைத் தின்றார்கள் என்று கேட்காதீர்கள், தசரதன் படுப்பதற்கு ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்த லைனில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

பியாட்ரிஸ் அன்றே கேட்டாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்றாவது லைனையும் நாலாவது லைனையும் கட்டம் போட்டு, வீடு வீடாகப் போனாள். பிரியாணி தின்றீர்களா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், கொதிக்க வைப்பதுண்டா. மூன்றே கேள்வி. பிரியாணி முதல் மணி நேரத்திலேயே விடுதலையானது. சங்கமித்ரா வீடு பௌத்தர்கள், அன்று கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார்கள், ஒரு பருக்கை தின்னவில்லை. அங்கே மூன்று பேருக்கு மஞ்சள். எதிர்முனையில் இருந்த வின்னி இரண்டு தட்டு தின்றதைத் தானே ஒப்புக்கொண்டாள். அவள் வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை.

“எங்கூட்டுக்காரரு பேட்டையிலேருந்து கேன் தண்ணி தூக்கினு வர்றாரேக்கா,” என்றாள் வின்னி. “சீமாட்டி சீமாட்டின்னு சிரிச்சீங்களே எல்லாரும். இப்ப எழுதிக்க, சீமாட்டி நல்லா கீறான்னு.”

பியாட்ரிஸ் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது லைனில் மோட்டார் கிடையாது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் தெருக்குழாய், கையால் பிடிக்கிற தண்ணீர். பதினாறு வீட்டில் ஒரே ஒருத்திக்கு மட்டும் காமாலை, மரியகுழந்தைக்கு. இது ஏன் என்று பியாட்ரிஸ் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து துருவினாள். மரியகுழந்தை தினமும் சங்கமித்ரா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி தேய்க்கிறவள். காலையில் போனால் சாயங்காலம்வரை கரிமாவும் கையுமாக அங்கேயேதான். தொண்டை வறண்டால் எங்கே குடிப்பாய் என்றதற்கு, குடிக்கிறதுக்கு எழுந்து எங்கூட்டுக்கு வருவேனா, உங்க லைன் ட்ரம்முலதான் மொள்ளுவேன் என்றாள்.

தாளைப் பார்த்தாள் பியாட்ரிஸ். மஞ்சள் வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஹோஸின் வழியில் இருந்தார்கள். அந்த ஹோஸின் தலை அவள் வீட்டு மேடையில் இருந்தது. இந்தத் தாளைக் கொடுத்தால் புருஷனின் முப்பது வருஷத்துப் பெயர் தெருவில் வந்துவிடும். கொடுக்காவிட்டால் மகள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பாள். அரை நிமிஷம் நின்றாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

மணி நாலு. ஏனோக் மதியம் சாப்பிடாததற்கும் சேர்த்துக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லவினா உள்ளே தூங்கினாள். பியாட்ரிஸ் முதலில் ட்ரம்மின் மூடியைச் சாத்தி அதன் மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தாள். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

“என் டேங்குன்ற,” என்றார் ஏனோக்.

“தாளு சொல்லுது.”

“தாளு சொல்லும். டேங்க மாசாமாசம் உள்ள எறங்கி நாந்தான் கழுவறேன். அதே தண்ணிய நானுந்தான் குடிக்கிறேன். எனக்கு இன்னா வந்துச்சி?”

“உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே வந்து போச்சி. மைன்ஸ்ல கீழ ஊறுன தண்ணியக் குடிச்சிட்டு ரெண்டு மாசம் படுத்தியாம், உங்கம்மா சொல்லிக்கீறாங்க. ஒருதபா வந்தவனுக்கு சுளுவுல வராதாம்.”

ஏனோக் களியை உருட்டி விழுங்கினார். அவருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார், வேகமாகச் சாப்பிடுவார்.

“லவினா நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தசரதன் படுத்ததுக்கு அஞ்சு வாரம் முன்னால, ஆயுத பூஜை சமயத்துல, பம்புல இன்னா பண்ண?”

“ஒண்ணியும் பண்ணல.”

“ஒரு நட்டுகூட திருவல?”

“திருவறதுக்கு இன்னா கீது? நல்லா ஓடுது. முன்னவிட நல்லா ஓடுது.”

“முன்னவிடன்னா?”

“முன்னால கொரகொரன்னு சத்தம் வந்துக்கினு இருந்துச்சில்ல. எங்கியோ காத்து இழுத்துச்சி. பைப்ப அவுத்துப் பாக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். பூஜைக்கு மறுநாளு மழ புடிச்சிது பாரு, அந்த வாரமே நின்னுபோச்சி. தண்ணியும் ஜாஸ்தியா வந்துச்சி.”

“தானா நின்னுச்சா?”

“தானாத்தான்.”

சொன்னவரின் கை தட்டிலேயே நின்றது. அவர் பியாட்ரிஸைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பம்பின் இழுக்கிற குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் கொரகொரக்கும். அறுபதாவது லெவலில் அது அவருக்குத் தாலாட்டு மாதிரி. சில நாள் அந்தச் சத்தம் தானாக நிற்கும். ஓட்டை அடைபட்டு நிற்பதில்லை. கீழே தண்ணீர் ஊறி ஏறி, ஓட்டையை மூடிவிடும். காற்றுக்குப் பதில் தண்ணீர் புகும். சுரங்கத்தில் அது நல்ல சேதி. எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன, எல்லாத் தண்ணீரும் வெளியே தள்ள வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் அவர் காது, சத்தம் நின்றதும் நிம்மதியாகிவிட்டது.

“ஓட்ட மூழ்கிப்போச்சி,” என்றார்.

“எதுல?”

“பைப்பு எது வழியா வருது?”

சாக்கடை வழியாக வருகிறது. எல்லா வீட்டுக் குழாயும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். கக்கூஸ் தண்ணீர் போகிற அதே சாக்கடை. அவர் கையைக் கழுவாமல் எழுந்து போனார். பியாட்ரிஸ் வாசலில் நின்று பார்த்தாள். மழையில் அடித்து வந்த கவரும் தேங்காய் மட்டையும் கல்லுக்கடியில் அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் ஒரு முழம் ஏறி நின்றிருந்தது. குழாய் கண்ணுக்கே தெரியவில்லை. ஏனோக் முட்டி போட்டுத் தோள்வரை கையை விட்டுத் தடவினார். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நாளிக்கி காலைல தண்ணி வுடற நாளு. ஆளுங்க எழுந்துக்கறதுக்கு முன்னால பைப்ப மாத்திடறேன். ஆரு காதுலயும் போட வாணாம்.”

“மாத்திடு. பதினாலு வூட்டு ட்ரம்முல கீற தண்ணிய ஆரு கொட்டுவாங்க?”

அவர் மறுபடி சோப்பை எடுத்தார்.

“காரணம் சொல்லாம கொட்டுன்னா கொட்டுவாளுங்களா? நாலு நாளைக்கி ஒருதபா வர்ற தண்ணிய? அதையே இன்னும் நாலு நாளு குடிப்பாளுங்க. நீ பைப்பு மாத்துனதும் தெரியாது, இவளுங்க படுத்ததும் தெரியாது. நான் டாக்டருக்கு எழுதித்தான் குடுப்பேன். நீ வர்றியா, இல்ல நானே சொல்லட்டுமா?”

உள்ளே லவினா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. ஏனோக் கையைத் துண்டில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

“டாக்டரு சொன்னா நம்ப மாட்டானுங்க,” என்றார். “என் பம்பு மேல அவ்ளோ நம்பிக்க. சொல்லக் கூடாது. காட்டணும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. டாக்டர் ரூபேஷ் ஒரு ஜீப்பில் வந்து மூக்கை மூடாமல் சாக்கடையோரம் நின்றார், அதற்கே லைனில் அவருக்கு மரியாதை ஏறியது. படுத்திருந்தவர்களில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் போர்வையோடு வந்தார்கள். ஏனோக் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் நாலு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். நாலையும் திறந்து சாக்கடையில், குழாய்க்கு மேலே கவிழ்த்தார். கறுப்புத் தண்ணீரில் நீலம் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு மேடைக்குப் போய், டேங்குக்குப் போகிற பைப்பைக் கழற்றி வாயை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் விட்டு, சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. கொரகொரப்பு இல்லை, தையல் மெஷின் மாதிரி ஓடியது. முதலில் வெள்ளையாகத்தான் வந்தது. யாரோ, மாஸ்டர் இன்னாத்துக்கு வித்தை காட்டறாரு என்றார்கள். பக்கெட் கால்வாசி நிறைந்தது. அப்புறம் தண்ணீர் வானத்து நிறத்துக்கு மாறியது.

ஏனோக் சுவிட்சை அணைத்தார். பக்கெட்டைத் தூக்கி வந்து நடுத்தெருவில் வைத்தார்.

“ரெண்டு மாசமா இதத்தான் குடிச்சிக்கினு கீறோம்,” என்றார். “பைப்புல ஓட்ட. நாந்தான் பாக்காம வுட்டேன். சத்தம் நின்னுதும் பாத்திருக்கணும். பாக்கல.”

தசரதன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் இன்னும் சரியாக எழும்பவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பத்து நாளு சோறு எறங்கல மாஸ்டர். கண்ணாடி பாக்கவே பயமா இருந்துச்சி. பெண்டாட்டி, குடிகாரன் குடிகாரன்னு வாயில வந்ததெல்லாம் சொன்னா. நீ சொல்லு அவளுக்கு, நான் குடிச்சது உன் தண்ணியத்தான்னு.”

ஏனோக் அவன் பெண்டாட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை. சங்கமித்ராவின் புருஷன் பாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவன் வீட்டில் மூன்று பேர் படுத்திருந்தார்கள், இரண்டு பேர் பிள்ளைகள். அடுத்த ஒரு மாதம் அவன் ஏனோக்கோடு பேசவில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை.

மூன்றாவது லைன் கோடியில் போர்வைக்குள்ளிருந்து மரியகுழந்தை சொன்னாள்: “உங்க லைன்ல சுளுவா தண்ணி வருதுன்னு பொறாமப்பட்டு வந்து குடிச்சேன்டி நானு. எம் புத்திய சொல்லணும்.”

பியாட்ரிஸுக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை. ட்ரம்மைக் கவிழ்க்கச் சொல்லிப் பெரிய குரலை எடுத்தாள். தண்ணீருக்காக விடியுமுன் எழுகிற பெண்கள் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்கள். ட்ரம், அண்டா, குடம், சொம்பு, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில். வாயில் வசவு, கையில் வேலை. மதியத்துக்குள் டாக்டர் டேங்கர் லாரி வரவழைத்தார். ட்ரம்மை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகுதான் லாரித் தண்ணீர் என்று பியாட்ரிஸ் ஹோஸ் வாயில் நின்றுகொண்டாள், அரைகுறையாகக் கழுவிய இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். ஏனோக் சாக்கடையில் இறங்கி அடைப்பை வாரி வெளியே போட்டார். துருப்பிடித்த குழாயை அறுத்து எடுத்தார். ஓட்டையில் அவருடைய சுண்டுவிரல் தாராளமாகப் போனது. மூன்று நாளில் பதினாலு வீட்டுக் குழாயையும் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்டார், மோட்டாரைக் கழற்றி மூலையில் வைத்தார். யாரும் கூலி பேசவில்லை, அவரும் டீ கேட்கவில்லை. இரண்டாம் நாள் தசரதன் பெண்டாட்டி தானாக டீ கொண்டுவந்தாள்.

லவினாவின் ரத்த முடிவு நாலாம் நாள் வந்தது. கிருமி இருந்தது. அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

அவளைக் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த நோய்க்கென்று தனி மருந்து இல்லை என்று அங்கே சொன்னார்கள். தினமும் ரத்தம் எடுத்து, அது உறைய எத்தனை நேரமாகிறது என்று பார்ப்பார்கள். நேரம் ஏறினால் ஆபத்து, ஏறாவிட்டால் பிழைப்பு. முதல் மூன்று நாள் ஏறியது. ஷெர்வின் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனோக்கும் வார்டுக்குள் போகவில்லை. வாசல்வரை வந்து, பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுவார்.

லைனில் இன்னும் புதிதாக நாலு பேருக்கு மஞ்சள் வந்தது. பைப்பு மாத்தியும் வருதே, டாக்டரு சொன்னது பொய்யா என்று பியாட்ரிஸை மறித்துக் கேட்டார்கள். மகளைப் பார்க்கப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவள் நின்று பதில் சொன்னாள்.

“இது பழைய தண்ணி. முன்னாலயே குடிச்சது. எட்டு வாரம் ஒளிஞ்சிருக்கும்னு சொன்னேனா இல்லியா? ஜனவரி வரைக்கும் ஒண்ணு ரெண்டு வரும். பிப்ரவரி பாதி தாண்டி ஒருத்தருக்கு வந்தா இந்தப் பொடவைய அவுத்து டாக்டரு மேஜை மேல வெச்சிட்டு வந்துடறேன்.”

“வேற பொடவ கட்டினு போக்கா,” என்றாள் வின்னி.

நாலாம் நாள் உறையும் நேரம் ஏறவில்லை. ஐந்தாம் நாள் ஒரு இம்மி இறங்கியது. எட்டாம் நாள் வார்டு டாக்டர், பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இவளும் திரும்பிவிட்டாள் என்றார். வாந்தி நின்று லவினா முதன்முதலாக எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் மஞ்சள்தான். இட்லி வேண்டும் என்றாள்.

அன்றுதான் ஏனோக் உள்ளே வந்தார். கையில் ஒரு ஃபிளாஸ்க். ஷெர்வின் எழுந்து தன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினான், முகத்தைப் பார்க்காமல். ஏனோக் உட்காரவில்லை.

“தாகமா கீதும்மா?” என்றார்.

“கீது டாடி.”

மூடியைத் திறந்து அதிலேயே ஊற்றினார். ஆவி வந்தது. நீட்டினார். லவினா வாங்கிக்கொள்ளவில்லை.

“ஆரு காச்சனது?”

“நாந்தான்.”

“எத்தினி நேரம்?”

“இருவது நிமிசம். கொதி வந்த அப்பால.”

லவினா கட்டிலோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பியாட்ரிஸ் தலையைக்கூட ஆட்டவில்லை.

“நீ மொதல்ல குடி டாடி.”

ஷெர்வின் நிமிர்ந்து பார்த்தான். ஏனோக்குக்கு அந்தக் காமாலை மறுபடி எளிதில் வராது என்பதும், அவர் குடித்துக் காட்டுவதால் எதுவும் தெரிந்துவிடாது என்பதும் அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். அவர் கேட்டதைச் செய்தார். நாக்கு சுட்டது, முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மூடியைக் காலி செய்தார். கர்சீப்பால் விளிம்பைச் சுற்றித் துடைக்கப் போனவர், அது வேண்டாம் என்று கர்சீப்பைப் பையில் திணித்துவிட்டு, கொஞ்சம் வெந்நீரை மூடியில் ஊற்றிச் சுழற்றி ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். மறுபடி நிறைய ஊற்றினார்.

லவினா இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். தீர்ந்ததும் மூடியை நீட்டினாள்.

“இன்னும் ஊத்து,” என்றாள்.